மல்லித் தண்ணியும் மாரிக் காய்ச்சலும்: தம்பலகாமத்து அடுப்படி சொல்லும் வரலாறு

ஒக்டோபர் பிறந்தால் இணையம் முழுக்க இலையுதிர்காலச் சமையல்தான். பூசணிக்காய் சூப், அப்பிள் பாணி, கறுவாத் தூள் தூவின கோப்பி என்று வந்துகொண்டே இருக்கும். தம்பலகாமத்தில் அந்த மாதம் இலை உதிர்வதில்லை, முளைக்கிறது. வைகாசியிலிருந்து அடித்த கச்சான் காற்றில் காய்ந்து வெடித்துக் கிடந்த நிலம், ஐப்பசியில் நாலு மழை கண்டதும் பச்சை பிடிக்கும். ஒழுங்கையோரம் தகரை எழும்பும், வேலியில் முசுட்டை படரும். கந்தளாய்க் குளத்தை நம்பிய வயல்களில் பெரும்போக விதைப்புத் தொடங்கும். பழந்தமிழர் இந்தப் பொழுதைக் கூதிர் என்றார்கள். எங்கட வாயில் அது மாரி.

மாரி தொடங்கினால் வீட்டுச் சாப்பாடும் மாறும். காலையில் இலைக்கஞ்சி, மத்தியானம் சோற்றோடு இரசம், தடிமன் பிடித்தால் மல்லித் தண்ணி, மூக்கடைத்தால் வேது. இதையெல்லாம் ‘ஆயிரமாண்டு இரகசியம், பக்கவிளைவே இல்லை’ என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிற ஆட்கள் உண்டு. ‘கிழவிகளின் மூடநம்பிக்கை’ என்று தள்ளிவிடுகிற ஆட்களும் உண்டு. இரண்டு பகுதியும் அந்தக் கோப்பைக்குள் இருப்பதைச் சரியாகப் பார்ப்பதில்லை. அதற்குள் ஒரு துறைமுகம் இருக்கிறது, ஒரு வயல்வெளி இருக்கிறது, பல்லாயிரம் பேரைக் கொன்ற ஒரு காய்ச்சலும் இருக்கிறது. அந்த வரலாறு தெரிந்தால்தான் கைமருந்தை எதுவரை நம்பலாம் என்பதும் தெரியும்.

சரக்கு என்றால் என்ன?

எங்கட அடுப்படியில் மல்லி, மிளகு, நற்சீரகம், வேர்க்கொம்பு, உள்ளி, மஞ்சள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு பெயர் உண்டு: சரக்கு. பிள்ளை பெற்ற பெண்ணுக்குச் சரக்குக் கறி, காய்ச்சல்காரருக்குச் சரக்குத் தண்ணி. அதே சொல்லுக்கு வணிகப் பண்டம் என்ற பொருளும் இருப்பதைக் கவனியுங்கோ. கப்பலில் வந்து இறங்குவதும் சரக்கு, அம்மியில் அரைபடுவதும் சரக்கு. இவற்றில் பாதி எங்கிருந்து வந்தது என்பதற்கு அந்தச் சொல்லே சாட்சி.

மல்லியை எடுத்துக்கொள்வோம். அது மத்தியதரைக் கடற்கரையையும் மேற்காசியாவையும் சேர்ந்த செடி. 3300 வருடங்களுக்கு முன் இறந்த எகிப்து அரசன் துட்டங்காமுனின் கல்லறையில் மல்லி விதை இருந்தது. இன்றைக்கும் இலங்கை குடிக்கிற மல்லியில் பெரும்பகுதி இறக்குமதிதான். உள்ளியின் பூர்வீகம் மத்திய ஆசியா. இஞ்சி தென்கிழக்காசியப் பக்கத்தது. மிளகு மலபார் மலைக்காட்டுக் கொடி. தம்பலகாமம் குடா திருகோணமலைத் துறைமுகத்தின் உள்மடி. கிண்ணியாவில் ஒரு சிறு கடல்வாய் வழியாக அது பெருங்கடலோடு தொடுகிறது. இந்தத் துறைமுகத்தை நம்பி எத்தனையோ வணிகர் வந்துபோனார்கள். சோழர் காலத்திலும் அதற்குப் பிறகும் இந்தியப் பெருங்கடல் வணிகத்தை நடத்திய ஐந்நூற்றுவர் என்ற வணிக கணத்தாரின் தமிழ்க் கல்வெட்டுகள் அயலிலுள்ள பதவியாவில் கிடைத்திருக்கின்றன. மிளகும் ஏலமும் அவர்கள் கைமாற்றிய பண்டங்கள்.

இரசத்தில் மிதக்கிற செத்தல் மிளகாய் இன்னும் பிந்தி வந்தது. அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் அதை ஆசியாவுக்குக் கொண்டுவந்தார்கள். அதே போர்த்துக்கேயர்தான் 1620களில் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கல்லால் கோட்டை கட்டினார்கள். அப்போது காப்பாற்றப்பட்ட திருவுருவங்கள் தம்பலகாமத்துக்கு வந்தன, ஆதிகோணநாயகர் கோயில் அப்படித்தான் எழுந்தது என்பது ஊர் வழக்கு. கோயிலை இடித்த அதே போர்த்துக்கேயரின் வழியாகத்தான் மிளகாயும் வந்து சேர்ந்தது. அதற்கு முந்திய இரசத்தில் உறைப்புக்கு மிளகும் திப்பிலியும் மட்டும்தான். இன்றைக்கும் காய்ச்சல்காரருக்கு வைக்கும் இரசத்தில் மிளகாயைக் குறைத்து மிளகைக் கூட்டுகிறோம். நோயாளியின் கோப்பையில் பழைய சமையல் இன்னும் இருக்கிறது.

இறக்குமதியில் தங்கிய மருந்து எவ்வளவு நொய்மையானது என்பதை எங்கட தலைமுறை 2020இல் கண்டது. மஞ்சள் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்த நேரத்தில் கொரோனாவும் வந்தது. வாசலில் மஞ்சள் தண்ணி தெளிக்க ஊரே தேடியபோது விலை கிலோ ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு ஏறியது. இராமேஸ்வரத்துக்கும் மன்னாருக்கும் இடையில் மஞ்சள் மூடைகள் கடத்தல் பொருளாகப் பிடிபட்டன. ‘எங்கட பாரம்பரியம்’ என்று சொன்ன பொருளுக்காகக் கடலைப் பார்த்துக் காத்திருந்தோம்.

வேலியில் முளைப்பவை

மற்றப் பாதி காசு கொடுத்து வாங்காதது. மழைக்கு முளைக்கும் தகரையும் முசுட்டையும் தேங்காய்ப்பூவோடு வறையாகும். தூதுவளை, முசுமுசுக்கை, முடக்கொத்தான், வல்லாரை, முருங்கை இலை, இவற்றில் கையில் கிடைத்த நாலைந்தை அரைத்துப் பிழிந்த சாறுதான் இலைக்கஞ்சியின் உயிர்.

செய்முறை சுலபம். ஒரு சுண்டு நாட்டரிசியையும் ஒரு பிடி பயறையும் நன்றாகக் குழைய வேகவிடுங்கோ. உள்ளி நாலு பல்லும் இஞ்சித் துண்டும் தட்டிப் போடுங்கோ. தேங்காய்ப்பால் விட்டு ஒரு கொதி வந்ததும் இலைச்சாற்றை ஊற்றி, உப்புப் போட்டு, உடனே இறக்கிவிட வேண்டும். சாறு கனக்கக் கொதித்தால் பச்சை நிறம் போய்விடும், மணமும் போய்விடும். ஒரு துண்டு பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிப்பது வழக்கம். விதைப்புக்குப் போகிற ஆளுக்கு அது மருந்துக்கு முதல் காலைச் சாப்பாடு.

மல்லித் தண்ணிக்கு இரண்டு மேசைக்கரண்டி மல்லியை மணக்க வறுத்து, ஒரு துண்டு வேர்க்கொம்பைத் தட்டிப் போட்டு, நாலு கோப்பைத் தண்ணீர் இரண்டாக வற்றும்வரை காய்ச்ச வேண்டும். பரியாரியார் சொல்கிற கசாயம் வேறு. அது எட்டுப் பங்கு தண்ணீர் ஒரு பங்காக வற்ற வேண்டியது, குடிக்கக் கசக்கும், வீட்டில் எல்லோரும் வைப்பதில்லை.

இந்தக் கஞ்சிக்கு இனம் கிடையாது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் வாழும் பிரதேசம் தம்பலகாமம். நாங்கள் இலைக்கஞ்சி என்பதைச் சிங்களத்தில் கொலகெந்த என்பார்கள். எங்கட வல்லாரை அவர்களுக்குக் கொட்டுகொல, தேங்காய்ப்பூக் கீரை பொல்பலா, நன்னாரி இரமுசு. முஸ்லிம் வீடுகளின் நோன்புக் கஞ்சியிலும் அதே இஞ்சி, உள்ளி, தேங்காய்ப்பால். பெயர்களை அடுக்கிப் பார்த்தால், ஒரே வரம்பில் நின்று இலை பறித்த ஆட்கள் பேசிய மூன்று வழக்குகள் தெரிகின்றன.

மாரியின் மறுபக்கம்

இவ்வளவும் இருந்தும் மாரி இந்தப் பக்கத்தில் பயத்துக்குரிய காலமாகத்தான் இருந்தது. 1659 நவம்பரில் வங்காள விரிகுடாப் புயலில் பாய்மரம் இழந்த ஆன் என்ற ஆங்கிலக் கப்பல், திருத்த வேலைக்காகக் கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. அடுத்த வருடம் அதன் கப்டனும் மகன் ரொபேர்ட் நொக்ஸும் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டார்கள். 1661இல் தகப்பன் குளிர்காய்ச்சலால் இறந்தார். மகனும் அதே காய்ச்சலில் மாதக்கணக்கில் கிடந்து எழும்பினார். 1681இல் வெளிவந்த அவருடைய நூலில், இந்த நாட்டுச் சனம் காட்டு இலையையும் பட்டையையும் கொண்டே மருந்து செய்வதையும் பதிந்திருக்கிறார்.

அந்தக் குளிர்காய்ச்சல் பெரும்பாலும் மலேரியாவாக இருந்திருக்கும். உலர்வலயக் குளத்து ஊர்களில் மாரி மழைக்குப் பிறகு, மார்கழி, தை மாதங்களில் அது வருடா வருடம் வந்தது. மல்லியும் மிளகும் வேம்பும் கொடுத்தும் சனம் செத்தது. மலேரியாவை வெட்டக்கூடிய மருந்து ஒரு மரப்பட்டையில்தான் இருந்தது, ஆனால் அந்த மரம் தென்னமெரிக்காவில் நின்றது. அதுதான் சிங்கோனா, குவினைனின் தாய். 1861இல் நுவரெலியாவுக்குப் பக்கத்தில் ஹக்கலைத் தோட்டம் தொடங்கப்பட்டதே சிங்கோனாவைப் பயிரிடத்தான். 1880களில் இலங்கை அந்தப் பட்டையை உலகச் சந்தைக்கு மலையாக ஏற்றியது. ஆனால் குளத்தடி விவசாயியின் காய்ச்சல் தீரவில்லை.

1934–35 மலேரியாக் கொள்ளைநோயில் இலங்கையில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். மழை பொய்த்து ஆறுகள் குட்டைகளான ஈரவலய ஓரங்களில்தான் அது மோசமாக இருந்தது. அங்கே நிவாரணத்துக்குப் போன இடதுசாரி இளைஞர்கள் கண்டது பசியால் வற்றிய உடம்புகளை. பருப்புப் பகிர்ந்த என். எம். பெரேராவுக்குச் சனம் ‘பருப்பு மாத்தையா’ என்றே பெயர் வைத்தது. எங்கட இலைக்கஞ்சியின் பெறுமதியும் இங்கேதான் விளங்குகிறது. கஞ்சி கிருமியைக் கொல்லாது. கிருமியோடு சண்டை பிடிக்கிற உடம்பைத் தாங்கிப் பிடிக்கும்.

1946இல் டீடீரீ தெளிப்பு நாடு முழுக்கத் தொடங்கியது. 1963இல் மலேரியா வெறும் 17 பேருக்கு என்று பதிவானது. கண்காணிப்புத் தளர்ந்ததும் 1960களின் முடிவில் 5 இலட்சத்தைத் தாண்டித் திரும்பி வந்தது. யுத்த காலத்தில் வடக்கும் கிழக்கும் அதன் கூடாரங்கள். கடைசியில் 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. எங்கட அம்மம்மாக்கள் பயந்த மாரிக் காய்ச்சலை, வீடு வீடாக இரத்தம் எடுத்த ஊழியர்களும் குளிசையும் நுளம்பு ஒழிப்பும் சேர்ந்துதான் ஓட்டின.

ஏடு அச்சேறியது, அடுப்படி ஏறவில்லை

அப்படியென்றால் கைமருந்தில் விஞ்ஞானம் இல்லையா? இருக்கிறது. சோதித்துப் பார்த்த இடங்களில் வெளியே வந்தும் இருக்கிறது. இருமலுக்கு நாங்கள் அவித்துக் குடிக்கும் ஆடாதோடையில் வாசிசின் என்ற வேதிப்பொருள் உண்டு. அதன் வழியில் உருவாக்கப்பட்டதுதான் இன்று பார்மசியில் விற்கும் புரோம்ஹெக்சின் என்ற சளி மருந்து. சீனத்தில் தூ யூயூ 4ஆம் நூற்றாண்டு மருத்துவ நூலொன்றின் குறிப்பை வைத்து, செடியைச் சூடாக்காமல் சாறு எடுத்துச் சோதித்ததில் கிடைத்தது ஆர்ட்டெமிசினின் என்ற மலேரியா மருந்து. 2015இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. யாரோ எழுதி வைத்ததால்தான் யாரோ சோதிக்க முடிந்தது.

எங்களிடமும் எழுதியவை உண்டு. யாழ்ப்பாண அரசர் காலத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் பரராசசேகரம், செகராசசேகரம் என்ற வைத்திய நூல்களை, 20ஆம் நூற்றாண்டின் முதற் பாதியில் ஏழாலை ஐ. பொன்னையபிள்ளை ஏடு தேடி அச்சிட்டார். 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம் சித்த மருத்துவத்தையும் சேர்த்து அங்கீகரித்தது. இன்று கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவப் பட்டப்படிப்பே இருக்கிறது. ஆனால் இவை பெரும்பாலும் பரியாரியாரின் அறிவு. எந்த இலையை எந்த மாதம், எந்த வேலியில், எத்தனை பிடி என்பது பெண்களின் அறிவு. அது வாயிலிருந்து வாய்க்குப் போனது. 1980களிலும் 1990களிலும் ஊர் இடம்பெயர்ந்தபோது, ஆட்கள் தப்பினார்கள், வேலி தப்பவில்லை. முகாமில் பிறந்த பிள்ளைக்கு முசுட்டையைக் காட்ட முசுட்டை இருக்கவில்லை.

எதுவரை?

2022 நெருக்கடியில் மருந்துக்கடைகள் வெறுமையானபோது பலர் மறுபடி மல்லிக்குத் திரும்பினோம். விருப்பத்தால் திரும்பியவர் குறைவு, வழியில்லாமல் திரும்பியவர்தான் கூட. இன்றைய மாரியின் காய்ச்சல்களும் வேறு. 2017இல் நாட்டில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு பிடித்தபோது, எங்கட பக்கத்துக் கிண்ணியா மிக மோசமாக அடிபட்டது. பப்பாசி இலைச்சாறு அப்போது வீட்டுக்கு வீடு ஓடியது. அது இரத்தப் பரிசோதனைக்கும் ஆஸ்பத்திரிக் கண்காணிப்புக்கும் மாற்றாகாது. வயல்காரருக்கு இன்னொன்றும் உண்டு, எலிக்காய்ச்சல். சேற்றில் கலந்த எலியின் சிறுநீரிலிருந்து கால் வெடிப்பு, புண் வழியாக உடம்புக்குள் போகிறது. 2008இல் மட்டும் 7000க்கு மேற்பட்டவர்களுக்கு அது வந்தது. ஆரம்பத்தில் சாதாரணக் காய்ச்சல், கெண்டைக்கால் உளைவு மாதிரித்தான் இருக்கும். ‘வேலை செய்த அலுப்பு’ என்று நாலு நாள் மல்லித் தண்ணியோடு படுத்தால் சிறுநீரகம் போய்விடலாம்.

ஆகவே இந்த மாரிக்கு நாங்கள் சொல்வது இதுதான். தடிமனுக்கும் தொண்டைக் கரகரப்புக்கும் மல்லித் தண்ணி குடியுங்கோ. மூக்கடைப்புக்கு நொச்சியும் தேசி இலையும் போட்டு வேது பிடியுங்கோ, சின்னப் பிள்ளைகளைக் கொதிதண்ணிக்குக் கிட்ட விடாதேயுங்கோ. கர்ப்பிணிகளுக்கு ஆடாதோடை வேண்டாம். காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால் ஆஸ்பத்திரிக்குப் போங்கோ. டெங்குவோ என்று சந்தேகம் இருக்கும்வரை அஸ்பிரின், ஐபுப்ரோஃபென் போடவேண்டாம். வயலில் இறங்கினவர் அதை டொக்டரிடம் மறக்காமல் சொல்லவேண்டும். விதைப்புக்கு முதலே சுகாதாரப் பரிசோதகரிடம் தடுப்புக் குளிசை பற்றிக் கேட்கலாம்.

பிறகு ஒரு கொப்பி எடுங்கோ. அம்மம்மாவோ அப்பம்மாவோ இருந்தால் பக்கத்தில் இருந்து, இலையின் பெயரை அவர் சொல்கிறபடி எழுதுங்கோ. பக்கத்து வீட்டுச் சிங்கள, முஸ்லிம் அம்மாமாரிடம் கேட்டு அவர்கள் சொல்லும் பெயரையும் எழுதுங்கோ. எந்த மாதம் முளைக்கும், எத்தனை பிடி, யாருக்குக் கொடுக்கக் கூடாது என்பதையும் விடாதேயுங்கோ. எந்த நோய்க்குக் கொடுத்து அது பலிக்கவில்லை என்பதையும் கட்டாயம் கேளுங்கோ. அவர்களுக்கு அது நன்றாக ஞாபகம் இருக்கும், ஏனென்றால் அங்கே பெரும்பாலும் ஒரு பிள்ளையின் பெயர் இருக்கும்.