சிறுநீரக மாற்றுக்குப் பின் தீநுண்மத் தொற்றும் நரம்புச் சிக்கல்களும்

சிறுநீரக மாற்று அறுவைக்குப் பின் வரும் தீநுண்மத் தொற்றுகளும் நரம்புச் சிக்கல்களும், பெரும்பாலும் உடலின் எதிர்ப்பாற்றலை வேண்டுமென்றே தாழ்த்தி வைப்பதால் ஏற்படுபவை. புதிய சிறுநீரகத்தை உடல் அயற்பொருளாகக் கருதி ஒதுக்காதிருக்க, டாக்ரோலிமசு, மைக்கோபினோலேட், பிரெட்னிசோலோன் போன்ற மருந்துகள் தொடர்ந்து உட்கொள்ளப்படுகின்றன. இவை சிறுநீரகத்தைக் காக்கின்றன; அதே வேளையில் உடலில் உறங்கிக் கிடக்கும் தீநுண்மங்களுக்கும் வழிவிடுகின்றன.

இந்தியாவில் வெற்றி கண்ட முதல் சிறுநீரக மாற்று 1971 ஆம் ஆண்டு வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் நடைபெற்றது. இத்துறையில் பின்னர் பெரிதும் பேசப்பட்ட பிகே, ஜேசி ஆகிய இரு தீநுண்மங்கள் பற்றிய முதல் அறிக்கைகள் வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். இரண்டும் நோயாளிகளின் பெயரின் முதலெழுத்துகளால் வழங்கப்படுகின்றன.

தீநுண்மத் தொற்றுகள்

அறுவைக்குப் பின் முதல் ஆறு மாதங்களில் அதிகம் காணப்படுவது சைட்டோமெகலோ வைரசு. இந்தியாவில் வயதுவந்தோருள் பெரும்பாலோர் இளமையிலேயே இத்தொற்றைப் பெற்றிருப்பதால், இது பெரும்பாலும் பழைய தொற்றின் மீளெழுச்சியே ஆகும். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, வெள்ளணுக் குறைவு ஆகியன இதன் அறிகுறிகள். கான்சைக்ளோவிர், வால்கான்சைக்ளோவிர் ஆகிய மருந்துகள் பயன் தருகின்றன.

பிகே தீநுண்மம் மாற்றுச் சிறுநீரகத்தையே தாக்குகிறது. இதற்கு உறுதியான மருந்து இல்லை. எதிர்ப்பாற்றலைத் தாழ்த்தும் மருந்துகளைக் குறைப்பதே வழி. ஆனால் குறைத்தால் உடல் சிறுநீரகத்தை ஒதுக்கக்கூடும். இவ்விரண்டுக்கும் இடையில் அளவு காண்பதே மருத்துவரின் கடினமான பணி.

அரிதாக, தொற்று உறுப்பின் வழியாகவே வந்துசேரும். 2004 இல் அமெரிக்காவில், கண்டறியப்படாத வெறிநாய்க்கடி நோயால் இறந்த ஒரே கொடையாளியிடமிருந்து உறுப்போ குருதிக்குழாயோ பெற்ற நால்வர் அந்நோயால் இறந்தனர்.

நரம்புச் சிக்கல்கள்

சின்னம்மைத் தீநுண்மம் மீண்டெழுந்து அக்கியாக வெளிப்படும். கொப்புளங்கள் ஆறிய பின்னும் நரம்புவலி மாதக்கணக்கில் நீடிக்கலாம். ஜேசி தீநுண்மம் மூளையின் வெண்பொருளை அழிக்கும். இது அரிதெனினும் பெரும்பாலும் உயிர்கொல்லி. சைட்டோமெகலோ தொற்றை அடுத்துக் கில்லன்-பாரே நோய்த்தொகுதி தோன்றிக் கால்கள் தளர்வதும் உண்டு.

எல்லா நரம்புக் குறிகளும் தொற்றால் வருவன அல்ல. கைநடுக்கம் டாக்ரோலிமசின் நன்கறியப்பட்ட பக்கவிளைவு. குருதியில் அதன் அளவு மிகுந்தால் வலிப்பும் வரலாம். கிரேப்புப் பழமும் பம்பளிமாசும் இவ்வளவை உயர்த்துவதால் தவிர்க்கப்பட வேண்டியவை. அக்கிக்குத் தரப்படும் அசைக்ளோவிர் கூட, சிறுநீரகச் செயல்திறனுக்கேற்ப அளவு குறைக்கப்படாவிடின் மனக்குழப்பத்தை உண்டாக்கும். ஆகவே தொற்றா, மருந்தா எனப் பிரித்தறியக் குருதி மருந்தளவு, தண்டுவட நீர், மூளைப் படிமம் ஆகிய ஆய்வுகள் தேவைப்படுகின்றன.

தடுப்பும் கண்காணிப்பும்

கல்லீரல் அழற்சி பி, சின்னம்மை ஆகியவற்றுக்கான தடுப்பூசிகளை அறுவைக்கு முன்பே போட்டுக்கொள்வது நன்று. அறுவைக்குப் பின் உயிருள்ள தீநுண்மம் கொண்ட தடுப்பூசிகள் பொதுவாகத் தவிர்க்கப்படுகின்றன. வெறிநாய்க்கடித் தடுப்பூசி அவ்வகையைச் சேர்ந்ததன்று. நாய் கடித்தால் அதனைத் தாமதமின்றிப் போட வேண்டும்.

கொடைக்கானல் வட்டத்து வடகவுஞ்சி போன்ற மலையூர்களில் வாழ்வோர் இத்தகைய ஆய்வுகளுக்குச் சமவெளி நகரங்களுக்கு இறங்கி வர வேண்டியுள்ளது. காய்ச்சல், புதிய நடுக்கம், பார்வை மங்கல், பேச்சுக் குழறல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குத் தெரிவிப்பது இன்றியமையாதது. மருந்தைத் தாமாக நிறுத்துதல் கூடாது.