கூடாரமும் தூளியும்

1854-ஆம் ஆண்டில் சாத்தூர், சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துக் கரிசல் ஊர்களின் வெளியே துணிக் கூடாரங்கள் முளைக்கத் தொடங்கின. அன்று இந்தப் பகுதி முழுவதும் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. கூடாரத்தில் தங்கியவர்கள் சர்ச் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த தாமஸ் ராக்லண்ட், டேவிட் ஃபென், ராபர்ட் மெடோஸ் என்ற மூன்று ஆங்கிலேயர். காலையும் மாலையும் ஊர் ஊராகப் போய்க் கிறிஸ்தவத்தைப் பற்றிப் பேசுவார்கள். சில நாளில் கூடாரத்தைப் பிரித்து அடுத்த ஊருக்கு நகர்வார்கள். ராக்லண்ட் கேம்பிரிட்ஜில் கணிதம் படித்துப் பெயர் வாங்கியவர். சென்னையில் சங்கத்தின் செயலாளராக இருந்த வேலையை விட்டுவிட்டு இந்த வெயிலுக்கு வந்தார்.

அவர் போட்ட திட்டத்தில் குடும்பத்துக்கு இடம் இல்லை. மனைவி மக்களோடு கூடார வாழ்க்கை நடத்த முடியாது, ஆகவே இந்த வேலைக்கு மணமாகாதவர்களே வேண்டும் என்பது அவர் எண்ணம். தெற்கே இருந்த திருநெல்வேலிச் சபைகள் தங்கள் செலவில் உபதேசியார்களை மாதத்துக்குச் சிலராக வடக்கே அனுப்பி வைத்தன. அவர்களும் வீட்டாரை ஊரிலேயே விட்டுவிட்டுத்தான் வந்தார்கள்.

பெரிய தியாகம் அது, சந்தேகமில்லை. ஆனால் அடுப்படிக்கும் கிணற்றடிக்கும் அந்நிய ஆண்கள் போக முடியாது. பருத்திக் காட்டிலிருந்து இருட்டும் நேரத்தில் திரும்பி, கம்பு இடித்து, தூளியில் கிடக்கும் பிள்ளையைப் பார்க்கும் பெண்ணிடம் கூடாரத்துக்காரர் என்ன பேச முடியும்? முதல் சில ஆண்டுகளில் மனம் மாறி வந்தவர்கள் மிகக் குறைவு. ராக்லண்ட் 1858 அக்டோபரில் சிவகாசியில் இறந்துபோனார்.

இந்த வடக்குப் பணியில் சேர்ந்த தமிழர்களில் ஒருவர் டபிள்யூ. டி. சத்தியநாதன். பாளையங்கோட்டை ஆங்கிலப் பள்ளியில் படிக்கும்போது 1847-இல் கிறிஸ்தவரானவர். 1849-இல் அவருக்கு வாழ்க்கைப்பட்ட அன்னாள், போதகர் ஜான் தேவசகாயத்தின் மகள். தேவசகாயம் தென்னிந்தியாவில் ஆங்கிலிக்கன் குருப்பட்டம் பெற்ற முதல் தமிழர். கடாட்சபுரத்தில் நெடுங்காலம் ஊழியம் செய்தவர். 1832-இல் பிறந்த அன்னாளுக்கு அந்த வீடே பள்ளிக்கூடமாக இருந்தது. பெற்றோரிடம் படித்தார், ஆங்கிலமும் கற்றார். பெண்பிள்ளைக்கு எழுத்து எதற்கு என்று ஊரே கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. மணமானபோது அவருக்குப் பதினாறு, பதினேழு வயது இருக்கும். இன்று அது பிள்ளை வயது. அன்று பல குடும்பங்களில் அந்த வயதுப் பெண் இரண்டு பிள்ளைக்குத் தாயாகியிருப்பாள்.

அந்தக் காலத்துச் சபைகளில் போதகரை ஐயர் என்றும் அவர் மனைவியை ஐயரம்மா என்றும் அழைத்தார்கள். ஐயரம்மாவுக்குச் சம்பளம் கிடையாது. வேலைக்கு மட்டும் முடிவு கிடையாது. பெண்பிள்ளைகளுக்கு எழுத்தும் தையலும் சொல்லிக்கொடுக்க வேண்டும், பிரசவ வீட்டுக்கும் சாவு வீட்டுக்கும் போக வேண்டும், இடையில் தன் பிள்ளைகளையும் வளர்க்க வேண்டும். கூடாரத்தால் நுழைய முடியாத வீடுகளுக்குள் இந்தப் பெண்கள் நுழைந்தார்கள். சாத்தூர்ப் பக்கத்தில் கிறிஸ்தவம் வேர்விட்டதில் பிரசங்கத்தைவிட இவர்களின் பங்கு பெரிது என்றே சொல்ல வேண்டும். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பிள்ளைகளை உட்காரவைத்து நடத்தும் குடும்ப ஜெபம், அரிசி அளக்கும்போது ஆலயத்துக்கென்று ஒரு பிடி எடுத்து வைக்கும் பழக்கம், ஞாயிற்றுக்கிழமைக்குப் பிள்ளைகளின் துணியை முதல் நாளே துவைத்து வைப்பது, இவையெல்லாம் தாய்மார் கையில் இருந்தவை.

அன்னாள் 'நல்ல தாய்' என்று தமிழில் ஒரு நூல் எழுதினார். பிள்ளை வளர்ப்பைப் பற்றித் தாய்மாருக்குச் சொல்லும் சிறு நூல் அது. தமிழ்ப் பெண் ஒருத்தி, தானே பிள்ளைகளைப் பெற்று வளர்த்தபடி, மற்ற பெண்களுக்காகப் பேனா பிடித்தது அந்த நூற்றாண்டில் அபூர்வம். குடும்பம் 1863-இல் சென்னைக்குக் குடிபெயர்ந்தது. சத்தியநாதன் சிந்தாதிரிப்பேட்டை சீயோன் ஆலயத்தின் போதகரானார். அன்னாள் இந்துப் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார், வெளியே வராத பெண்களின் வீடுகளுக்கே போய்ப் படிப்புச் சொல்லிக்கொடுத்தார். 1878-இல் கணவரோடு இங்கிலாந்து போய்வந்தார். அந்த ஆண்டே இறந்தார். வயது நாற்பத்தாறு.

அடுத்த தலைமுறையிலும் பெண்கள் எழுதினார்கள். அன்னாளின் மகன் சாமுவேலின் மனைவி கிருபாபாய் ஆங்கிலத்தில் 'சகுணா', 'கமலா' என்ற நாவல்களை எழுதினார். பெற்ற குழந்தையைப் பறிகொடுத்து, தானும் 1894-இல் இளம் வயதிலேயே மறைந்தார். சாமுவேல் பின்னர் மணந்த கமலா 1901-இல் இந்தியப் பெண்களுக்கென்று ஓர் ஆங்கில மாத இதழைத் தொடங்கி, கணவர் 1906-இல் இறந்த பிறகும் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே அதை நடத்தினார்.

திருமணத்துக்கு வருவோம். 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் இந்தியக் கிறிஸ்தவர்களுக்குச் சில நிபந்தனைகளை வைத்தது. ஆணுக்கு 16 வயதும் பெண்ணுக்கு 13 வயதும் கடந்திருக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. பதின்மூன்று! அதுவே அன்று முன்னேற்றமாக எண்ணப்பட்டது. இன்று அது 21, 18. ஆலயத்தில் திருமண அறிவிப்பான ஓலையை வாசித்து, ஆட்சேபம் உண்டா என்று சபையாரைக் கேட்கும் வழக்கம் இன்றும் தொடர்கிறது. தாலியையும் சபை கைவிடவில்லை. சிலுவை பொறித்துத் தாலியாகவே கட்டினார்கள். வரதட்சணையும் கூடவே வந்தது. அதற்கு எதிராகப் பிரசங்கம் கேட்ட வீடுகளிலேயே நகைக் கணக்கும் பேசப்பட்டது என்பது இந்த வரலாற்றின் வேதனையான பக்கம்.

1923-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுச் சிவகாசிக்குத் திரும்பினார்கள். அதன்பின் சிவகாசி, சாத்தூர் பக்கத்தில் குடும்ப வாழ்க்கையின் நேரமே மாறிப்போனது. தாய் 'தீப்பெட்டி ஆபீஸ்' என்ற தொழிற்சாலைக்குப் போய்க் கட்டை அடுக்கினாள், அல்லது வீட்டுத் திண்ணையில் பெட்டி ஒட்டினாள். மழையில்லாத கரிசலில் அந்தக் கூலிதான் சோறு. 1970, 80-களில் விடியுமுன்னே ஊருக்குள் வந்த ஆபீஸ் பஸ்களில் சிறு பிள்ளைகளும் ஏறினார்கள். இதைத் தடுக்க 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. கோயிலுக்குப் போகும் வீடு, ஆலயத்துக்குப் போகும் வீடு என்ற வேறுபாடு அந்த பஸ்ஸில் இல்லை. 'நல்ல தாய்' போன்ற ஒரு நூலுக்கு வாசிக்கத் தெரிந்த, வாசிக்க நேரம் உள்ள தாய் வேண்டும். இங்கே பல தாய்மாருக்கு இரண்டுமே வாய்க்கவில்லை. ஆனாலும் பசை காயாத கையோடு பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக்கொடுத்தவர்கள் அவர்கள்தான்.

ராக்லண்டின் வாழ்க்கையை 1861-இல் பெரோன் என்பவர் எழுதினார், 1922-இல் டோனாவூர் ஏமி கார்மைக்கேல் மறுபடி எழுதினார். மாத முறைக்கு வடக்கே வந்த உபதேசியார்களின் மனைவிமாருக்கு அப்படி ஒரு நூலும் இல்லை. அவர்கள் பெயரைத் தேட நினைப்பவர் போக வேண்டிய இடம் பழைய ஆலயங்களின் ஞானஸ்நானப் பதிவேடு. பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர், தகப்பன் தொழில் என்று போகும் வரிசையில் தாயின் பெயரும் எழுதப்பட்டிருக்கும். செல்லரிக்கும் முன் அந்த ஏடுகளைப் படியெடுக்கும் வேலையைச் சாத்தூர்ப் பக்கத்துச் சபைகளும் கல்லூரி மாணவர்களும் சேர்ந்து தொடங்கலாம்.