மரனெல்லோவின் பிடிவாதம்

சென்ற வாரம் போர்ஷே 959-இன் கதையைப் பார்த்தோம். முன், பின் சக்கரங்களுக்கு எவ்வளவு விசை என்பதைக் கணினியே கணக்கிட்டுப் பிரித்துக் கொடுத்த கார் அது. ஏபிஎஸ் பிரேக்கும், தேவைக்கேற்ப ஏறி இறங்கும் உடலும் அதில் இருந்தன. அதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் 1987 ஜூலையில் மரனெல்லோவில் ஃபெராரி திரைவிலக்கிய எஃப்40-ஐப் பார்க்க வேண்டும். பழைய ‘அனலாக்’ சூப்பர் கார்கள் மீதான மோகத்தை வெறும் கடந்தகால ஏக்கம் என்பவர்கள், அன்றைக்கு வேறு வழியில்லாததால்தான் கார்கள் அப்படி இருந்தன என்பார்கள். எஃப்40 விஷயத்தில் இந்த வாதம் நிற்காது. வேறு வழி இருந்தது, ஜெர்மனியில் அது சாலையிலேயே ஓடிக்கொண்டிருந்தது. தெரிந்தே அதை வேண்டாம் என்று விட்ட கார் எஃப்40.

அவசரத்தில் செய்தது, அதனால்தான் மொட்டையாக இருக்கிறது என்று ஒரு மறுப்பு உண்டு. அவசரம் உண்மைதான். குரூப் பி பந்தயம் 1986-உடன் முடிந்துவிட, அதற்காக உருவான 288 ஜிடிஓ எவொலூசியோனேயை வைத்தே பொறியாளர் நிக்கோலா மத்தெராட்சியின் குழு இந்தக் காரை விரைந்து முடித்தது. ஆனால் காருக்குள் எட்டிப் பாருங்கள். கதவின் உட்புறம் கைப்பிடி கிடையாது. தொங்கும் கேபிளை இழுத்தால்தான் திறக்கும். ரேடியோ இல்லை, தரைவிரிப்பு இல்லை. பலகைகள் சேரும் இடங்களில் பச்சைப் பசை அப்பியிருப்பது அப்படியே தெரியும். வெளிச்சம் சாய்வாக விழுந்தால், மெல்லிய சிவப்புப் பூச்சுக்கு அடியில் கெவ்லார் நெசவின் கட்டங்கள்கூடத் தெரியும். கைப்பிடியும் விரிப்பும் சாதாரண ஃபியட்டிலேயே இருந்தவை, அவற்றுக்கு ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை. எடையைக் குறைக்க வேண்டும் என்ற பிடிவாதம்தான் காரணம். ஏசி மட்டும் தப்பித்தது. முதுகுக்குப் பின்னால் அடிக்கும் எஞ்சின் வெக்கையை நினைத்தால் அதை ஆடம்பரம் என்று சொல்ல மனம் வராது.

எரிபொருள் செலுத்துவதையே மின்னணுக் கருவி பார்த்துக்கொள்ளும்போது இதை எப்படி அனலாக் என்பது? நியாயமான கேள்வி. எஞ்சினுக்குள் கணினி இருக்கிறதா என்பதல்ல இங்கே அளவுகோல், ஓட்டுபவரின் கைகால்களுக்கும் சக்கரத்துக்கும் நடுவே யாராவது புகுந்து திருத்துகிறார்களா என்பதுதான். எஃப்40-இல் பவர் ஸ்டியரிங் இல்லை, பிரேக்குக்குத் துணைவிசை இல்லை, ஏபிஎஸ் இல்லை. 2.9 லிட்டர் வி8 எஞ்சினின் இரண்டு டர்போக்களும் குறைந்த சுழற்சியில் தூங்கும். பிறகு, மொத்தமே 1,100 கிலோ சொச்சம் உள்ள காரின் பின்சக்கரங்களில் 478 குதிரைத்திறனும் ஏறக்குறைய ஒரே மூச்சில் வந்து இறங்கும். அந்தக் கணத்தை முன்கூட்டியே கணித்து, வளைவு முடியுமுன் ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு அழுத்துவது என்று முடிவெடுப்பவர் ஓட்டுநர்தான். தப்பினால் தடுக்க எதுவும் இல்லை. இது ஆபத்து என்றால் மறுக்க முடியாது. பாதுகாப்பில் இன்றைய கார்களோடு இதை ஒப்பிடவே கூடாது. ஆனால் திறமைக்கு இடம் இருக்கும் இடத்தில்தான் தவறுக்கும் இடம் இருக்கிறது. கவர்ச்சி பிறப்பதும் அங்கேதான்.

எல்லாம் ஏலச் சந்தையின் அபூர்வப் பொருள் மோகம் என்பார்கள் சிலர். அபூர்வம் என்று பார்த்தால் 959-தான் அபூர்வம்: சுமார் 300. எஃப்40-யோ 400 என்று திட்டமிட்டு 1,300-க்கும் மேல் தயாரானது. ஆனாலும் இன்று பொதுவாக விலை கூடியது எஃப்40. 1988-இல் மறைந்த என்ஸோ ஃபெராரி தன் காலத்தில் வெளியிட்ட கடைசி மாடல் என்ற பெருமைக்கும் அதில் பங்குண்டு, அதைக் கழித்துவிட்டுத்தான் கணக்குப் போட வேண்டும்.

என்ஸோவின் நிழல் விழாத சாட்சி ஒன்று போர்ஷேயிடமே இருக்கிறது. 2013-இல் வந்த 911 ஜிடி3-இல் இரட்டைக் கிளட்ச் தானியங்கி கியர் மட்டும்தான். வேகத்தில் அதுவே மேல். இருந்தும் ரசிகர்கள் முணுமுணுத்தார்கள். 2016-இல் கையால் மாற்றும் ஆறு கியருடன் 911 ஆர் என்ற பெயரில் 991 கார்களை மட்டும் செய்தது போர்ஷே. அத்தனையும் விற்றுத் தீர்ந்து, கைமாறும்போது விலை பன்மடங்கானது. மறு ஆண்டே ஜிடி3-க்கும் கிளட்ச் பெடல் திரும்பி வந்தது, கூடுதல் விலை இல்லாமல்.

(தொடரும்)