கங்கா திறந்த காய மதிப்பெண்

எலும்பு முறிந்து, தோலும் சதையும் கிழிந்த கீழ்க்கால் காயத்தில் காலைக் காப்பாற்ற முடியுமா, எடுத்துவிட வேண்டுமா என்று முடிவு செய்ய உதவும் அளவுகோல். கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையில் எஸ். ராஜசேகரன் குழுவினர் 1994இல் இதை முன்வைத்தனர். 109 நோயாளிகளின் சிகிச்சை முடிவுகளை ஆராய்ந்து 2006இல் ஆய்விதழில் வெளியிட்டனர்.

இதற்கு முன் உலகம் பயன்படுத்தியது கஸ்டிலோ–ஆண்டர்சன் வகைப்பாடு. அமெரிக்காவில் 1,025 திறந்த முறிவுகளை ஆராய்ந்து 1976இல் வகுத்தது. 1984இல் கடுமையான மூன்றாம் வகை ஏ, பி, சி எனப் பிரிந்தது. எளிதில் ஆறும் காயமும் காலையே பறிக்கும் காயமும் 'மூன்று பி' என்ற ஒரே பெயரில் அடங்கியது அதன் பெருங்குறை. 1990இல் வந்த 'மெஸ்' மதிப்பெண் ரத்த ஓட்டம் தடைபட்ட கால்களுக்கே பொருந்தியது. ரத்தக்குழாய் தப்பி, தோலும் எலும்பும் சிதைந்தவர்களுக்கு அது சரியான வழி காட்டவில்லை.

கங்கா முறை தோல், எலும்பு, தசை–நரம்பு மூன்றையும் தனித்தனியே பார்த்து 1 முதல் 5 வரை மதிப்பிடுகிறது. 4 செ.மீ.க்கு மேல் எலும்பே காணாமல் போயிருந்தால் எலும்புக்கு 5. உடல்நிலையும் சூழலும் தரும் ஒவ்வொரு ஆபத்துக்கும் 2 கூடும்: 65 வயதைக் கடந்தவர், மருந்து எடுக்கும் சர்க்கரை நோயாளி, ரத்த அழுத்தம் 90க்குக் கீழே இறங்கியவர், சாணமோ சாக்கடையோ கலந்த காயம், காயத்தைச் சுத்தம் செய்ய 12 மணி நேரம் தாண்டியது. மொத்தம் 14 வரை காப்பாற்றலாம். 17, அதற்கு மேல் என்றால் எடுப்பதே நல்லது. 15, 16 வந்தால் அனுபவமுள்ள மருத்துவரின் முடிவே முடிவு. தோலுக்கு 1 அல்லது 2, மொத்தம் 10க்குள் என்றால், நன்கு சுத்தம் செய்தபின் அன்றே தையல் போட்டு மூடலாம் என்று 2009இல் இதே குழு காட்டியது. திறந்த காயத்தை உடனே மூடக் கூடாது என்ற பழைய பாடத்தை அது அசைத்தது.

மலை மாவட்டமான நீலகிரிக்கு அந்த 12 மணி நேரம்தான் உயிர்நாடி. ஊட்டியிலிருந்து குன்னூர், பர்லியாறு வழியாகக் கோவை ஏறத்தாழ 85 கி.மீ.; கூடலூர்க்காரர்களுக்கு இன்னும் 50 கி.மீ. கூடும். தேயிலைத் தோட்டத்தில் அடிபட்டவர் எஸ்டேட் டிஸ்பென்சரி, தாலுகா ஆஸ்பத்திரி என்று மாறி மாறிப் போய்ச் சமவெளிக்கு இறங்குவதற்குள், காயம் மாறாமலே மதிப்பெண் 2 ஏறிவிடலாம். 2008இல் வந்த 108 ஆம்புலன்ஸும், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கும் 2021ஆம் ஆண்டுத் திட்டமும் இந்தத் தாமதத்தைக் குறைக்க வந்தவை. 2022இல் ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. 2025இல் அதற்கு 700 படுக்கை மருத்துவமனையும் கிடைத்தது.