பீர் நொதிகலனின் சீரற்ற குளிர்ச்சி: பழுது எங்கே?

பீர் ஆலையில் நொதிகலன் சீராகக் குளிரவில்லை என்றதும் முதலில் பழி விழுவது சில்லர் என்னும் குளிரூட்டும் இயந்திரத்தின் மீதுதான். அது கலனுக்கு அனுப்பும் குளிர்திரவமான கிளைக்கால் கலவையின் வெப்பநிலையை மேலும் இரண்டு பாகை இறக்கிப் பார்ப்பார்கள். பல சமயம் கோளாறு முற்றுவது அதனால்தான். சில்லரின் திறன் போதாவிட்டால் கலன் முழுவதும் தாமதமாகக் குளிரும். மேல் ஒரு வெப்பநிலை, கீழ் ஒரு வெப்பநிலை என்று பிரிந்து நிற்காது. ஆகவே இயந்திரத்தைத் தொடும் முன் கேட்க வேண்டியவை இரண்டு: பீர் இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது? மேற்பகுதி குளிர்ச்சியா, கீழ்ப்பகுதியா?

நொதித்தல் மும்முரமாக இருக்கையில், கூம்படிக் கலனைக் கலக்கும் வேலையைக் கரியமில வாயுவே பார்த்துக்கொள்கிறது. ஒரு கிலோ சர்க்கரை நொதிக்கும்போது சுமார் 590 கிலோஜூல் வெப்பமும் அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவான வாயுவும் பிறக்கின்றன. குமிழிகள் நடுவே பீரை மேலே தூக்க, சுவரோரம் குளிர்ந்த பீர் கீழே இறங்குகிறது. அப்போது ஒற்றைச் சென்சரை நம்பலாம். அந்தக் கட்டத்திலும் உச்சி சூடாக இருந்தால், கலனின் சுவரைச் சுற்றிக் கிளைக்கால் ஓடும் உறைகளில் மேலே உள்ளதை, அதாவது மேல் ஜாக்கெட்டை, சோதிக்க வேண்டும். கிளைக்கால் கீழே நுழைந்து மேலே வெளியேறாதபடி குழாயை மாற்றி இணைத்திருந்தால், ஜாக்கெட்டின் உச்சியில் காற்று தேங்கிவிடும். நுழைவுக்கும் வெளியேற்றத்துக்கும் இடையே வெப்பநிலை மிக அதிகமாக ஏறினால், அந்த ஜாக்கெட்டுக்குப் போதிய ஓட்டம் வரவில்லை என்று பொருள்.

உண்மையான சிக்கல் நொதித்தல் ஓய்ந்து, பீரைப் பூச்சியத்துக்கு அருகே இறக்கும்போது தொடங்குகிறது. தண்ணீரின் அடர்த்தி 4 பாகை செல்சியஸில் உச்சம் தொடும். வழக்கமான பீருக்கு அந்த இடம் ஏறக்குறைய 2 முதல் 3 பாகை. அந்த வெப்பநிலைக்கு மேல் இருக்கும்வரை, குளிர்ந்த பீர் கலனில் இறங்கும். அந்த வெப்பநிலைக்குக் கீழே போனால் ஏறும். குளிர்நாட்டு ஏரிகள் மேற்பரப்பிலிருந்து உறைவதற்கும் இதே இயல்புதான் காரணம். குமிழிகளும் ஓய்ந்துவிட்டதால் கலக்க எதுவும் இல்லை. கீழ்ப்பகுதியில் பொருத்திய சென்சர் 3 பாகையிலேயே நிற்கிறது. கட்டுப்பாட்டுக் கருவி வால்வைத் திறந்தே வைத்திருக்கிறது. மேலே பீர் உறைநிலையை, அதாவது சுமார் மைனஸ் 2 பாகையை, நெருங்குகிறது. சுவரில் படியும் பனிக்கட்டி வெப்பத்தைத் தடுக்கிறது. கிளைக்காலை இன்னும் குளிர்வித்தால் பனிப்படலம் தடிக்கிறதே ஒழிய, அடியில் உள்ள பீர் குளிர்வதில்லை.

ஆகவே 3 பாகையை நெருங்கியதும் மேல் ஜாக்கெட்டை அடைத்து, கீழ் ஜாக்கெட்டுக்கும் கூம்புக்கும் குளிர்ச்சியைத் திருப்புவதே சரி. கிளைக்காலைக் குளிர்விப்பதற்குப் பதில் சற்று வெப்பமாக்க வேண்டியும் வரலாம். அடியிலிருந்து கரியமில வாயுவை மெல்லச் செலுத்தினால் அடுக்கு கலையும். புதிய கலன் வாங்குவோர் மேலும் கீழுமாக இரண்டு சென்சர்களைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. இந்தச் செலவில் சிக்கனம் பிடிப்பது வீண்.

கூம்பில் படிந்த ஈஸ்டின் கதை வேறு. இட்லி மாவு போன்ற அந்தத் திண்மையில் சுழற்சி நடக்காது. கூம்பு ஜாக்கெட்டின் குளிர்ச்சி நடுவரை எட்டுவதுமில்லை. வடிவால்வைத் திறந்ததும் வரும் ஈஸ்டில் வெப்பமானியை வைத்தால், பேனலில் தெரியும் எண்ணைவிடச் சில பாகை கூடுதலாக இருக்கக் காணலாம். அந்தச் சூட்டில் ஈஸ்ட் செல்கள் தம்மைத் தாமே செரித்து, பீரின் சுவையைக் கெடுக்கின்றன. இதற்கு எந்த ஜாக்கெட்டும் மருந்தாகாது. குளிர்விக்கத் தொடங்கும் முன்பே ஈஸ்டின் பெரும்பகுதியை வடித்துவிட வேண்டும், பிறகும் அவ்வப்போது வடிக்க வேண்டும்.