ஜீப் வண்டியின் மூச்சு



ஒரு லீற்றர் பெற்றோல் இயந்திரத்தினுள்ளே முற்றாக எரிவதற்கு எவ்வளவு காற்று வேண்டும் என்று நீங்கள் எண்ணிப் பார்த்ததுண்டா? நிறையாற் கணக்கிட்டால், பெற்றோலைப்போல ஏறத்தாழ 15 மடங்கு. கன அளவாற் சொன்னால், ஏறக்குறைய 9,000 லீற்றர். பெற்றோலின் விலை ஏறும்போதெல்லாம் வருந்துகின்றோம். அதனோடு கூடி எரியும் காற்று விலையின்றிக் கிடைப்பதால் அதனைப்பற்றி எவரும் சிந்திப்பதில்லை. ஆயினும் இந்த இலவசக் காற்றை எங்கிருந்து எடுப்பது, எவ்வழியாகக் கொண்டுவருவது என்ற வினா, மோட்டார்ப் பொறியியலாளரை ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அலைக்கழித்து வந்திருக்கின்றது.

இதனை நான் இன்று எடுத்துப் பேசுவதற்குக் காரணம் ஒன்றுண்டு. இருபது முப்பது ஆண்டுகள் ஓடிய பழைய ஜீப் ஒன்றை வாங்கும் இளைஞர் - எந்த நிறுவனம் செய்ததாயினும் நம் நாட்டிலே இவ்வகை வண்டியெல்லாம் ஜீப்தானே - முதலிற் செய்ய விரும்பும் திருத்தங்களுள் ஒன்று, காற்று வடிகட்டி அடங்கிய கறுத்தப் பெட்டியைக் கழற்றிவிட்டு, பளபளக்கும் குழாய் ஒன்றையும் அதன் நுனியிலே கூம்பு வடிவான வடிகட்டியையும் பூட்டுவதாகும். 'குளிர்காற்றுக் குழாய்' என்ற பெயரால் அது விற்கப்படுகின்றது. வண்டிக்கு வலுக் கூடும் என்பது விற்பவர் வாக்கு. நான் வரலாறு கற்பித்தவன். ஸ்பானர் பிடித்தவன் அல்லன். ஆனால் அந்த வாக்கிலே உண்மை எவ்வளவு என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் வரலாற்றிலேயே கிடக்கின்றது.

விற்பவர் சொல்லும் அடிப்படைத் தத்துவம் பொய்யன்று. காற்று சூடேறினால் விரியும். விரிந்தால் அதன் அடர்த்தி குறையும். 27 பாகை சென்ரிகிறேட் வெப்பத்தில் உள்ள காற்றை, அழுத்தம் மாறாதிருக்க, 57 பாகைக்குச் சூடாக்கினால் அதன் அடர்த்தியிற் பதினொன்றில் ஒரு பங்கு குறைந்துபோகும். சிலிண்டர் ஒவ்வொரு முறையும் ஒரே கனவளவைத்தான் உள்ளே இழுக்கும். சூடான காற்றை இழுத்தால் உயிர்வாயு குறைவு, எரியக்கூடிய பெற்றோலும் குறைவு, வலுவும் குறைவு. மெதுவாக ஏற்றம் ஏறும் வண்டியின் பொனற்றுக்குக் கீழே 57 பாகை என்பது பெரிய வெப்பமன்று. ஆகவே வெளியேயுள்ள குளிர்ந்த காற்றைக் கொண்டுவந்தால் நன்மை உண்டு என்பதில் ஐயமில்லை.

ஆயின் முதல் வண்டிகளைச் செய்தவர்கள் இதற்கு நேர்மாறாகச் செய்தார்கள் என்பதுதான் வியப்பு. 1908ஆம் ஆண்டு தொடங்கி 1927ஆம் ஆண்டுவரை வெளிவந்த ஃபோர்ட் 'ரி' மாதிரி வண்டியிலே, புகைபோக்கியின் சூட்டிலே காற்றைக் காய்ச்சி, அந்தச் சூடான காற்றையே காபரேற்றருக்குக் கொண்டுவரும் ஒரு குழாய் இருந்தது. அக்காலத்துப் பெற்றோல் எளிதில் ஆவியாகாது. அமெரிக்கப் பனிக்காலமோ கொடியது. குளிர்ந்த காற்றோடு கலந்தால் எரிபொருள் துளித்துளியாகவே நின்று, இயந்திரம் இருமிக்கொண்டிருக்கும். வலுவிலே சிறிது போனாலும் போகட்டும், வண்டி ஓடினாற் போதும் என்பது அவர்கள் கருத்து. இடத்துக்கும் காலத்துக்கும் ஏற்ற கருத்துத்தான்.

அக்கால வண்டிகள் பலவற்றிலே காற்று வடிகட்டி என்ற ஒன்றே இருக்கவில்லை. அதன் தேவையை முதலில் உரக்கச் சொன்னவை நகரத்து மோட்டார்கள் அல்ல. வயலிலே உழுத இயந்திரங்கள். புழுதியில் உள்ள மணலிலே பெரும்பகுதி படிகக்கல். அது இரும்பைவிடக் கடினமானது. எண்ணெயோடு கலந்துவிட்டால் தச்சன் தீட்டும் உளிக்கு அரைகல் எப்படியோ, அப்படியே பிஸ்டன் வளையங்களையும் சிலிண்டர்ச் சுவர்களையும் அது தேய்த்துவிடும். 1915ஆம் ஆண்டிலே, உழவு இயந்திர விற்பனைத் துறையிலிருந்த ஃபிராங் டொனால்ட்சன் என்னும் அமெரிக்கர், யூட்டா மாநிலத்திலே புழுதியால் இயந்திரம் பாழாவதைக் கண்டு, அதற்கெனக் காற்று வடிகட்டி ஒன்றை ஆக்கினார். அவர் பெயரால் எழுந்த நிறுவனம் இன்றும் வடிகட்டிகளையே செய்து வருகின்றது.

இனி ஜீப்புக்கு வருவோம். 1940ஆம் ஆண்டு அமெரிக்கப் படை எடைகுறைந்த வேவு வண்டி ஒன்று வேண்டுமென்று கேட்டபொழுது, பென்சில்வேனியாவிலிருந்த பான்ரம் என்னும் சிறு நிறுவனம், கார்ல் புறொப்ஸ்ற் என்ற பொறியியலாளரின் துணைகொண்டு 49 நாள்களிலே முதல் வண்டியைச் செய்து கொடுத்தது. பின்னர் வில்லிஸ், ஃபோர்ட் ஆகிய பெருநிறுவனங்கள் போர் முடியுமுன் 6 இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைச் செய்து குவித்தன. 60 குதிரைவலுக் கொண்ட அந்தச் சிறு வண்டியின் பொனற்றைத் திறந்தால், சோற்றுச் சட்டி போன்ற ஒரு கலம் கண்ணிற்படும். அதுவே எண்ணெய்த் தொட்டி வடிகட்டி. உள்ளே வரும் காற்று எண்ணெய்ப் பரப்பை நோக்கிக் கீழே பாய்ந்து, சட்டென்று திரும்பி மேலே செல்லும். காற்று திரும்பிவிடும், கனமான மணற்றுகள் திரும்பமாட்டாது எண்ணெயிலே வீழ்ந்துவிடும். எஞ்சியதை எண்ணெய் தோய்ந்த கம்பிவலை பிடித்துக்கொள்ளும். எத்துணை எளிய உபாயம்! கெட்ட புழுதியிலே நாள்தோறும் அதனைக் கழுவி எண்ணெய் மாற்றவேண்டியிருந்தது என்பது மட்டுமே குறை. அதனைச் சோம்பலின்றிச் செய்த சாரதியின் வண்டி ஊர்வந்து சேர்ந்தது.

காற்றை எடுக்கும் வாயின் இடம் எவ்வளவு முக்கியம் என்பதை வட ஆபிரிக்கப் பாலைவனப் போர் நன்கு காட்டிற்று. 1941ஆம் ஆண்டிலே களமிறங்கிய பிரித்தானிய குறுசேடர்த் தாங்கிகளின் தொடக்க வகைகளிலே வடிகட்டிகள் வெளிப்புறமாக, பின்பக்கத்திலே, சங்கிலிச் சக்கரத்தின் காப்புத்தகட்டின்மேல் வைக்கப்பட்டிருந்தன. தாங்கி ஓடும்பொழுது புழுதி மிகுதியாக எழும் இடம் அதுதான்! குளிர் நாட்டில் இருந்து வரைந்தவர்கள் பாலைவனத்தை நினைத்திருக்கமாட்டார்கள் போலும்.

அதே பாலைவனத்திலிருந்தும் மால்ற்றாத் தீவிலிருந்தும் பறந்த ஸ்பிற்ஃபயர் விமானங்களின் கதை இன்னும் தெளிவானது. 1942ஆம் ஆண்டு மார்ச்சு 7ஆம் நாள், ஈகிள் என்னும் விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து 15 ஸ்பிற்ஃபயர்கள் மால்ற்றாவை நோக்கிப் பறந்தன. அவற்றின் மூக்கின் கீழே, தாடை வீங்கியதுபோல, வோக்ஸ் என்னும் வடிகட்டி பொருத்தப்பட்டிருந்தது. அது இயந்திரத்தைக் காத்தது. ஆனால் விமானத்தின் வேகத்தையும் மேலேறும் திறனையும் குறைத்தது. பகைவனைத் துரத்தும் விமானிக்கு வேகம் என்பது உயிர். வடிகட்டியைக் கழற்றினாலோ இயந்திரத்தின் ஆயுள் போயிற்று. எகிப்திலே அபூக்கீர் என்னும் இடத்திலிருந்த பராமரிப்புப் பிரிவினர், அங்கேயே தம் கைத்திறனால் சிறிய வடிவான வேறொரு வடிகட்டியைச் செய்து இழந்த வேகத்திலே ஒரு பகுதியை மீட்டனர். பிற்காலத்து ஸ்பிற்ஃபயர்களிலே இன்னும் நல்ல தீர்வு வந்தது: தரையிலே ஓடும்பொழுது காற்று வடிகட்டி வழியாக வரும், புழுதிக்கு மேலே எழுந்தபின் விமானி விசையைத் திருப்ப, நேரே உள்ளே செல்லும். பாவம், ஜீப்புக்கு அந்த வாய்ப்பில்லை; அது தரையைவிட்டு எழும்புவதேயில்லை.

புழுதியை அடுத்த பகை நீர். பிஸ்டன் காற்றை நெருக்கலாம், நீரை நெருக்கமுடியாது. ஒரு கோப்பை நீர் சிலிண்டருள்ளே புகுந்தாற் போதும், மேலேறும் பிஸ்டன் அதிலே மோதி நிற்க, அதனைத் தாங்கும் தண்டு வளைந்துவிடும். 1944ஆம் ஆண்டு யூன் 6ஆம் நாள் நோர்மண்டிக் கரையில் இறங்கிய ஜீப்புகள் பலவற்றிலே, காபரேற்றரின் காற்றுவாயிலிருந்து ஒரு குழாய் காற்றுத்தடுப்புக் கண்ணாடியின் உயரத்துக்கு நீட்டப்பட்டிருந்தது. இன்று ஆஸ்திரேலியப் புறவெளி வண்டிகளின் பக்கத்திலே நிமிர்ந்து நிற்கும் 'ஸ்நோக்கல்' குழாய்க்கு அதனை முன்னோடி எனலாம். பெயரோ நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து வந்தது: ஒல்லாந்துக் கடற்படை உருவாக்கிய மூச்சுக்குழாய் 1940இல் செருமானியர் கையிற் சிக்கி, அவர்கள் இட்ட பெயரோடு உலகெங்கும் பரவிற்று.

போருக்குப் பின்னர், 1948ஆம் ஆண்டு அம்ஸ்ரர்டாம் கண்காட்சியிலே லாண்ட் றோவர் வெளிவந்தது. அதுவும் எண்ணெய்த் தொட்டி வடிகட்டியையே கொண்டிருந்தது. பின்வந்த ஆண்டுகளிலே மடித்த கடதாசி வடிகட்டி படிப்படியாக அதன் இடத்தைப் பிடித்தது.

இன்றைய கூம்பு வடிகட்டிக்கு ஊர் கலிபோர்னியா. 1957ஆம் ஆண்டு றிவர்சைட் நகரிலே, கென் ஜோன்சன், நோர்ம் மக்டொனால்ட் என்னும் இருவர் மோட்டார்ச் சைக்கிள் வணிகம் தொடங்கினர். அவர்களின் பெயர் முதலெழுத்துகளே 'கே அன்ட் என்'. 1960களிலே எண்ணெய் தோய்த்த பருத்தித் துணியாலான வடிகட்டிகளைப் பாலைவனப் பந்தயக்காரருக்கென அவர்கள் செய்தனர். 1967ஆம் ஆண்டு மெக்சிக்கோவின் பாகா தீபகற்பத்திலே முதலாவது ஆயிரமைற் பந்தயம் நடந்தபின், அவ்வகைப் பாகங்களுக்குப் பெருஞ்சந்தை பிறந்தது. இங்கேதான் நாம் சற்று நிதானிக்கவேண்டும். பந்தயம் முடிந்தபின் இயந்திரத்தைப் பிரித்து வளையம் மாற்றுபவனுக்கு, காற்று தடையின்றி வருவதே முதல் வேண்டுகோள். சிறிது தேய்மானம் அவன் கணக்கிலே அடங்கியது. அந்த இயந்திரத்தையே இன்னும் பத்தாண்டுகள் ஓட்டவேண்டிய குடும்பஸ்தனுடைய கணக்கு வேறு.

குளிர்காற்றுக் குழாய் என்று பெயரிருப்பினும், விலைகுறைந்த பல தொகுதிகளிலே கூம்பு பொனற்றுக்கு உள்ளேயே, மறைப்பின்றி, இயந்திரத்தின் பக்கத்திலே தொங்குகின்றது. அது இழுப்பது சூடான காற்று. கழற்றி மூலையிற் போடப்பட்ட கறுத்தப் பெட்டியோ, பல வண்டிகளிலே, முன்விளக்கின் பின்னாலோ றேடியேற்றரின் பக்கத்திலோ வாய்திறந்து வெளிக்காற்றையே குடித்துக்கொண்டிருந்தது! குளிரைக் கழற்றிவிட்டுச் சூட்டைப் பூட்டியபின்னும் 'வலுக் கூடிவிட்டது' என்று உரிமையாளர் சொல்வதற்குக் காரணம் காதுதான். பழைய பெட்டி இயந்திரத்தின் உறிஞ்சும் ஓசையையும் அடக்கியிருந்தது. அது போனபின் இயந்திரம் கர்ச்சிக்கின்றது. கூம்பைத் தாழ்த்திச் சக்கரத்தின் அருகே கொண்டுபோனால் காற்று குளிர்ந்திருக்கும். முதல் வெள்ளத்திலே நீரும் வரும்.

பொருத்தியே தீருவேன் என்பாருக்குத் தடை சொல்லவில்லை. கூம்பைச் சுற்றித் தகட்டுச் சுவர் எழுப்பி, முன்புறத்திலிருந்து வெளிக்காற்று வரும் வாயை அதனுள்ளே திறந்துவிடுக. பழைய பெட்டியிலிருந்து இயந்திரத்தின் எண்ணெய் அறைக்குச் செல்லும் சிறு மூச்சுக்குழாயை மறவாது புதிய குழாயிலே வடிகட்டிக்கு அப்பால் இணைக்கவேண்டும்; அதனை வெறுமனே தொங்கவிட்டால் வடிகட்டி எவ்வளவு சிறந்ததாயினும் புழுதி பின்கதவால் உள்ளே போகும். வெப்பத்தை அளக்கும் உணரி பழைய குழாயில் இருந்திருந்தால் புதியதிலும் அதற்கு இடமிருக்கவேண்டும். கலிபோர்னியாவிலே, 1967ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த காற்று வளச் சபையின் விலக்கு ஆணை எண் பெறாத குழாயை வீதியில் ஓடும் வண்டிக்குப் பொருத்தச் சட்டம் இடந்தருவதில்லை. இவற்றைச் செய்தது அந்த மாநிலம், கட்டுப்படுத்தியதும் அதுவே.

எல்லாம் பூட்டி முடிந்தபின், செம்மண் பாதையிலே நூறு மைல் ஓட்டிவிட்டு, வடிகட்டிக்கு அப்பாலுள்ள குழாயைக் கழற்றி, உட்சுவரை வெள்ளைத் துணியால் ஒருமுறை துடைத்துப் பாருங்கள். துணி சிவந்திருந்தால், மூலையிற் கிடக்கும் கறுத்தப் பெட்டியைத் தூசு தட்டி எடுக்கலாம்.