மறைந்த இருப்புப்பாதையின் சுவடுகள்

அரசர் புரிந்த போர்களும் அளித்த தானங்களும் கல்லிலும் செம்பிலும் பொறிக்கப்பெற்று நெடுங்காலம் நிலவுகின்றன. குடிகள் நடந்த வழிகளும், பண்டம் சென்ற பாதைகளும் அங்ஙனம் பொறிக்கப்பெறுவதில்லை. ஆதலின் அவை வழக்கொழிந்தவுடன் நினைவினின்றும் ஒழிகின்றன. இவ்வுண்மைக்கு நம் நாட்டகத்தே ஒரு சான்று காட்டுதும்.

பாகூரிலிருந்த வித்தியாஸ்தானத்துக்கு மூன்று ஊர்கள் தானமாக விடப்பட்ட செய்தியைப் பாகூர்ச் செப்பேடுகள் ஐந்தும் கூறுகின்றன. அது 9-ம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்து நிகழ்ச்சி. விட்ட நிலத்தின் எல்லை இன்னதென அவ்வேட்டிலேயே எழுதிவைத்தனர் நம் முன்னோர். அவ்வேடுகள் மறைவினின்று வெளிப்பட்டது 1879-ம் ஆண்டில். வியப்பு யாதெனின், அதே 1879-ம் ஆண்டிற்றான் நம் வில்லியனூர் வழியாகப் புதுச்சேரிக்கு முதன்முதற் புகைவண்டி வந்தது. ஆயிரம் ஆண்டுக்கு முற்பட்ட தானத்தின் எல்லை ஏட்டில் நிற்கின்றது. நம் தந்தையரும் பாட்டன்மாரும் ஏறிச்சென்ற சில இருப்புப்பாதைகளின் எல்லையோ, அவை மூடப்பட்டு ஒரு தலைமுறை கழிவதற்குள் மயங்கிப்போயிற்று. அப்பாதைகளின் சுவடுகளை எவ்வாறு அறிவது, அறிவதால் நமக்கு வரும் பயன் யாது என்னும் இரண்டையும் இக்கட்டுரையிற் கூறப் புகுகின்றோம்.

முதற்கண் நம் பாதையின் வரலாற்றைச் சிறிது காண்போம். விழுப்புரத்தினின்று வளவனூர், சின்னபாபுசமுத்திரம் என்னும் ஊர்களைக் கடந்து, சங்கராபரணியாற்றைத் தாண்டி, வில்லியனூரை யடைந்து, புதுச்சேரியில் முடியும் பாதை இது. பிரஞ்சு எல்லைக்குட்பட்ட பகுதி புதுச்சேரி இருப்புப்பாதைக் கம்பெனிக்குரியதாயிருந்தது. வண்டிகளை ஓட்டியது தென்னிந்திய இருப்புப்பாதைக் கம்பெனி. தென்னார்க்காட்டுச் சீமையில் விளைந்த மணிலாக்கொட்டை இவ்வழியாகவே மூட்டை மூட்டையாகத் துறைமுகம் சேர்ந்து, கப்பலேறி, மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குச் சென்றது. இரண்டு அரசாங்கங்களின் எல்லையைக் கடக்கும் பாதையாதலின், பிரயாணிகளின் மூட்டைகள் சுங்கச் சோதனைக்கும் உட்பட்டன. 1954-ம் ஆண்டு நவம்பர் 1-ம் நாள் பிரஞ்சிந்தியப் பகுதிகள் இந்தியாவோடு இணையும் வரையில் இந்நிலை நீடித்தது. வில்லியனூர்ப் பாதை மாளாது வாழ்ந்த பாதை. 2004-ம் ஆண்டில் அது அகலப்பாதையாக மாற்றப்பெற்றது. பாகூர்க் கொம்யூனாருக்கோ எக்காலத்தும் இருப்புப்பாதை வாய்த்ததில்லை. அவர்கள் கடலூரையோ புதுச்சேரியையோ நாடினர்.

நம் பாதைக்கு ஒரு தங்கை உண்டு. அதுவே பேரளம்–காரைக்கால் பாதை. 1898-ம் ஆண்டில் பிரஞ்சு அரசாங்கத்தின் பொருட்செலவில் அமைந்து, தென்னிந்தியக் கம்பெனியாரால் நடத்தப்பெற்றது. நீளம் சற்றேறக்குறைய 23 கிலோமீட்டர். மாயூரம்–திருவாரூர்ப் பாதையிலுள்ள பேரளத்தில் பிரிந்து, அம்பகரத்தூர், திருநள்ளாறு வழியாகக் காரைக்காலைச் சேரும். சனிப்பெயர்ச்சிக்குத் திருநள்ளாறு செல்லும் அடியார்க்கும், காவிரிக் கடைமடையின் நெல்லைக் கொண்டுசெல்லும் வணிகர்க்கும் இதுவே துணையாயிருந்தது. இதற்கு வடக்கே, டேனிஷ்காரர் 1845-ல் ஆங்கிலேயர்க்கு விற்றுச்சென்ற தரங்கம்பாடிக்கு, மாயூரத்தினின்று 1926-ம் ஆண்டில் மற்றொரு கிளை போடப்பட்டது. செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையாறு என்னும் ஊர்களைத் தொட்டுச் சென்றது அக்கிளை.

இவ்விரண்டும் ஒரே காலத்தில் அணைந்தன. தரங்கம்பாடிப் பாதை 1986-ம் ஆண்டில் நின்றது. காரைக்காற் பாதையும் அப்பத்தாண்டின் பிற்பகுதியில் நின்றது. காரணம் அறிதற்கரியதன்று. சாலைகள் செப்பனிடப்பட்டன, பஸ் வண்டி ஊரின் நடுவே வந்து நின்று ஆளை ஏற்றிக்கொண்டது. புகைவண்டியோ வயலின் நடுவேயுள்ள நிலையத்தில், நாளொன்றுக்குச் சிலமுறையே வந்தது. கிளைப்பாதையின் வரும்படி குறைய, வண்டிகளைக் குறைத்தார்கள்; வண்டிகள் குறைய, ஏறுவோர் பின்னுங் குறைந்தனர். நோயாளிக்கு உணவைக் குறைத்து அவன் மெலிந்தானென்று வருந்துவது போன்றது இது. நீடாமங்கலம்–மன்னார்குடிக் கிளை 1976-லேயே இங்ஙனம் மூடப்பட்டது. தனுஷ்கோடிப் பாதையோ கணக்கேட்டினால் மாண்டதன்று. 1964 டிசம்பர்ப் புயலிற் கடல் அதனை விழுங்கிற்று. ஆங்கே நிலையத்தின் இடிந்த சுவர்கள் மணலில் நின்று அதன் கதையை உரைக்கின்றன. மற்றைக் கிளைகட்கு அத்தகைய பெருஞ்சான்று இல்லை. அவற்றின் சுவட்டைத் தேடியே காணல்வேண்டும்.

இனி அவ்வடையாளங்களைக் கூறுதும்.

முதலாவது, மேடு. இருப்புச்சக்கரம் இருப்புத் தண்டவாளத்தின்மீது எளிதில் வழுக்குமாதலின், எஞ்சின் செங்குத்தான ஏற்றத்தில் ஏறாது. ஒடுங்கிய வளைவிலும் திரும்பாது. ஆகையால் இருப்புப்பாதையின் கரை நெடுந்தூரம் நேராகவும், வளைந்தவிடத்து மெல்ல வளைந்தும், ஒரே மட்டமாகவும் செல்லும். மாட்டுவண்டித்தடமோ மரத்தையும் குளத்தையும் சுற்றிச் சுற்றிச் செல்லும். வயல்வெளியில் ஒரு கரை எவ்வூரையும் பொருட்படுத்தாது நேரே செல்லுமாயின், அது ஆராயத் தக்கது.

இரண்டாவது, பள்ளம். கரை போடுதற்கு வேண்டிய மண்ணை அருகிலேயே வெட்டினர். அப்பள்ளங்கள் கரையையொட்டி வரிசையாக நீர் தேங்கிக் கிடக்கும். கரையை வெட்டிச் சமன்செய்த இடத்திலும், பள்ளம் அதன் போக்கைக் காட்டிக்கொடுக்கும்.

மூன்றாவது, மதகு. காவிரிக் கடைமடையில் வாய்க்கால் இல்லாத இடமில்லை. வாய்க்கால்தோறும் சிறு பாலமோ மதகோ கட்டாமற் பாதை செல்லவொண்ணாது. தண்டவாளத்தையும் உத்தரத்தையும் பெயர்த்துச் சென்றாலும், கரையின் இருபுறத்துக் கட்டுமானத்தைப் பெயர்ப்பது வீண்செலவென விட்டுவிடுவர். வழியில்லாத வயலில் எதிரெதிராக நிற்கும் இரு செங்கற்சுவர்கள் இத்தகையனவே.

நான்காவது, தண்டவாளத் துண்டு. பழைய தண்டவாளங்களை வாங்கி வேலிக் கம்பமாகவும், வாயிற்றூணாகவும், மெத்தைவீட்டின் உத்தரமாகவும் பயன்படுத்தினர் நம் நாட்டார். அதன் பக்கத்தில், வார்த்த ஆலையின் பெயரும் ஆண்டும் புடைப்பெழுத்தாக இருத்தலைக் காணலாம். இதுவும் ஒரு சாசனமே. ஆயினும் ஒரு எச்சரிக்கை: அவ்வாண்டைப் பாதையின் ஆண்டாகக் கொள்ளலாகாது. பெரும்பாதையில் தேய்ந்த தண்டவாளத்தைக் கழற்றிக் கிளைப்பாதையில் இடுவது வழக்கமாதலின், பாதைக்கு முந்திய ஆண்டுடைய தண்டவாளமும் அங்கே கிடக்கும்.

ஐந்தாவது, ஊர்ப்பேச்சு. நிலையம் ஒழிந்தும் ஸ்டேஷன் ரோடு என்ற பெயர் ஒழிவதில்லை. கேட் ஒழிந்தும் கேட்டடி என்ற வழக்கு நிற்கும். கம்பமும் கதவும் போனபின்னும் பெயர் காவல் காக்கின்றது.

ஆறாவதும் தலையாயதும், நிலக்கணக்கு. சர்வே படத்தில் இருப்புப்பாதை நிலம் நீண்ட ஒடுங்கிய கீற்றாக, பல ஊர்களின் பட்டா நிலங்களை ஊடறுத்துச் செல்லும். கரையை ஏர் உழுதுவிடலாம்; மதகை மண் மூடிவிடலாம்; படத்திலுள்ள கீற்று எளிதில் அழியாது. மேற்கூறிய ஐந்து அடையாளங்களும் இதனோடு ஒத்துவருமாயின் ஐயத்துக்கு இடமில்லை.

இங்ஙனம் அறிவதனாற் பயன் என்னை என்று சிலர் வினவக்கூடும். “வண்டி நின்று நாற்பதாண்டாயிற்று, பஸ் இருக்கின்றது, செத்த பாதைக்கு ஜாதகம் கணிப்பானேன்?” என்பது அவர் கூற்று. அதற்கு விடையாக இரண்டு பாதைகளின் கதியை ஒப்பிட்டுக் காட்டுகின்றோம்.

சேலத்துச் சீமையில் மொரப்பூரினின்று தர்மபுரிக்கு 1906-ம் ஆண்டில் இரண்டரை அடி அகலமுள்ள சிறுபாதை போடப்பட்டு, 1913-ல் ஓசூர் வரை நீண்டது. இரண்டாவது உலக யுத்த காலத்தில், 1941-ல், அது மூடப்பட்டது. மொரப்பூர்–தர்மபுரிப் பாதை மீண்டும் வேண்டுமென்று மக்கள் நெடுங்காலம் கேட்டு, 2019-ம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பெற்றது. ஆனால் இடைப்பட்ட காலத்தில் பழைய தடத்தின்மீது குடியிருப்புகள் எழுந்துவிட்டன. ஆகவே நிலம் எடுப்பதே அப்பணிக்குப் பெருந்தடையாயிற்று.

காரைக்காற் பாதையைக் காண்மின். அங்கும் தண்டவாளம் பெயர்க்கப்பட்டது. கரையில் முள் முளைத்தது. ஆயினும் நிலம் இருப்புப்பாதையின் நிலமாகவே நின்றது. காரைக்காலில் 2009-ம் ஆண்டில் புதிய துறைமுகம் திறக்கப்பட்டு, நிலக்கரி முதலியன வந்திறங்கலாயின. 2011-ல் நாகூரினின்று காரைக்காலுக்குப் புதுப்பாதை வந்தது. பின்னர்ப் பேரளம் பாதையும் அகலப்பாதையாக மீண்டும் இடப்பெற்று, 2025-ம் ஆண்டில் அதன்மீது சோதனை வண்டி ஓடிற்று. 1976-ல் மாண்ட மன்னார்குடிப் பாதையும் 2011-ல் உயிர்பெற்றது. இவற்றால் விளங்குவது யாது? பாதையின் உயிர் தண்டவாளத்தில் இல்லை, நிலத்தில் உள்ளது. தண்டவாளத்தைப் பணங்கொடுத்து மறுபடியும் வாங்கலாம். முன்னோர் வயல்களைத் துண்டாக்கிக் கொடுத்த அந்நீண்ட கீற்றை, ஒருமுறை சிதறவிட்டபின், எளிதிற் கூட்டிச் சேர்த்தல் அரிது.

இதில் மற்றொரு முகமும் உண்டு. அதனையே நம்மவர் சிறப்பாகக் கருதவேண்டுமென விழைகின்றோம். மூடப்பட்ட பாதையின்மீது வீடு கட்டியிருப்போர் பெரும்பாலும் செல்வர் அல்லர். மனையில்லாத ஏழைகள் சிலர் வேறுபோக்கின்றிக் குடிசையிட்டனர். வேறு சிலர் வெற்றிடத்தைத் தமதென்று கூறியோரிடம் கைப்பொருளைக் கொடுத்து ஏமாந்தனர். பாதை மீளுங்காலத்தில் அவர்கள் கையிலுள்ள காகிதம் செல்லாதென்று சொல்லப்படுகின்றது. விற்றவர் அகப்படார், குடியிருந்தவர் தெருவில் நிற்பர். பாதை வரவேண்டுமென்பதும் நியாயமே. குடியிருந்தோர்க்கு மாற்றிடம் வேண்டுமென்பதும் நியாயமே. இவ்விரு நியாயங்களும் முட்டிக்கொள்ளாதிருத்தற்கு ஒரே வழி, நிலத்தின் வரலாறு யாவர்க்கும் முன்கூட்டியே தெரிந்திருத்தல். சரித்திரம் படித்தவர்க்கு மட்டும் உரிய பொழுதுபோக்கென்று எண்ணுதல் தவறு. மனை வாங்குவோன் பத்திரத்தைத் திருப்பிப் பார்க்கும்போது அவனும் சரித்திரமே ஆராய்கின்றான்.

நம் புதுவை நாட்டில் இவ்வாராய்ச்சி மற்றிடங்களிலும் இன்றியமையாதது. இங்கே பழம்பத்திரங்கள் பல பிரஞ்சு மொழியில் உள்ளன. அவற்றைப் படித்தறிவோர் ஆண்டுதோறும் அருகி வருகின்றனர். பெட்டியிலுள்ள தாளைப் பூச்சி அரிக்கின்றது. திண்ணையிலுள்ள முதியோரின் நினைவை முதுமை அரிக்கின்றது.

ஆதலின் நம் அன்பர்கட்கு மூன்று விண்ணப்பங்கள் செய்துகொள்கின்றோம். தம் குடும்பத்தில் பிரஞ்சுக்காலப் பத்திரம் வைத்திருப்போர், அதனைப் படிக்கத்தக்காரைக் கொண்டு படிப்பித்து, நிலத்தின் நான்கெல்லையைத் தமிழில் எழுதி வைத்தல் வேண்டும். இருப்புப்பாதையிற் கூலிவேலை செய்தவரும், கேட் காத்தவரும், மூட்டை சுமந்தவரும் நம் ஊர்களில் இருப்பின், இளைஞர் அவர்பாற் சென்று கேட்டு எழுதிக்கொள்ளல் வேண்டும். பெரும்பாதையைப் போட்ட கம்பெனிகளின் பெயர் அச்சில் உள்ளது, மண் சுமந்தவரின் பெயரோ எங்கும் இல்லை. எக்கொம்யூனிலாயினும் மனை வாங்கப் புகுவோர், விலையைக் கேட்குமுன் சர்வே படத்தைக் கேட்டல் வேண்டும்.

பாகூரில் எல்லையை ஏட்டிலெழுதி வைத்தோர் அஃது ஆயிரம் ஆண்டுக்குப் பின்னும் படிக்கப்படும் என்று கருதினரோ, அறியோம். எழுதிவைத்தல் தம் கடமையென்று செய்தனர். அக்கடமை இப்போது நம்பால் வந்துள்ளது. சுவடு அழியுமுன் எழுதுக.